ஃபேனி லூ ஹேமர்: தோல்விகளுக்குப் பின்னும் பாடியவர்

ஒடுக்கப்பட்டோரின் இயக்கங்கள் அனைத்தும் ஏதோவொரு கட்டத்தில் சோர்வின் காலத்தைக் கடந்தே வந்துள்ளன. சட்டம் கைகொடுக்கும் என்று காத்திருந்தவர்கள் நீதிமன்றத்தில் தோற்கிறார்கள். தோழமைச் சக்திகள் என்று நம்பப்பட்டவை பேரத்தின் போது மெல்ல ஒதுங்கிக்கொள்கின்றன. உடன் நடந்தவர்களுள் சிலர் கொல்லப்படுகிறார்கள். வேறு சிலர் களைத்து வீடு திரும்புகிறார்கள். அத்தகைய காலத்தில் ஒருவர் எதைப் பற்றிக்கொண்டு நிற்கிறார்? இந்தக் கேள்வியை மனத்தில் கொண்டு, அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத்தில் பருத்திக் கூலியாக வாழ்ந்த ஃபேனி லூ ஹேமரின் வாழ்வை இங்கே வாசிக்க முற்படுகிறோம்.

கறுப்பின மக்களின் போராட்டம் நமக்குப் புதிதன்று. 1972ஆம் ஆண்டு மும்பையில் தோன்றிய தலித் பேந்தர்கள் தங்கள் பெயரையே அமெரிக்கக் கறுஞ்சிறுத்தைகளிடமிருந்து பெற்றுக்கொண்டனர். மார்ட்டின் லூதர் கிங்கையும் மால்கம் எக்ஸையும் நம் மாணவர்கள் அறிவார்கள். ஆனால் அந்தப் போராட்டத்தின் அடித்தளமாக இருந்த நிலமற்ற கூலிப் பெண்களைப் பற்றி நாம் குறைவாகவே பேசியிருக்கிறோம். அவர்களுள் முதன்மையானவர் ஹேமர்.

அவருடைய வாழ்வைப் புரிந்துகொள்ளத் தமிழ்க் கிறிஸ்தவ வழக்கிலுள்ள ஒரு சொல் உதவும். சீர்திருத்தச் சபையினரின் வேதாகமம் விசுவாசம், நம்பிக்கை, அன்பு என்று மூன்று பண்புகளைக் கூறுகிறது. கத்தோலிக்கரின் திருவிவிலியமோ அவற்றை நம்பிக்கை, எதிர்நோக்கு, அன்பு என்று பெயர்க்கிறது. இரண்டிலும் நடுவில் நிற்கும் பண்பு ஒன்றே. எதிர்நோக்கு என்ற சொல் அதன் இயல்பை நன்கு காட்டுகிறது: இன்னும் வந்து சேராத ஒன்றின் திசையில் முகத்தைத் திருப்பி நிற்றல். ஹேமரிடம் இருந்தது அத்தகைய எதிர்நோக்கு. அது மகிழ்ச்சியான மனநிலையாகவோ வெற்றியின் கணிப்பாகவோ இருந்ததில்லை.

பண்ணையில் கழிந்த நாற்பத்து நான்கு ஆண்டுகள்

1917 அக்டோபர் 6ஆம் நாள் மிசிசிப்பியின் மாண்ட்கோமரி மாவட்டத்தில், இருபது பிள்ளைகளுள் கடைக்குட்டியாக ஃபேனி லூ டவுன்சென்ட் பிறந்தார். அவருடைய பாட்டி அடிமையாக வாழ்ந்தவர். தந்தை வாரச் சாகுபடியாளர். பாப்டிஸ்ட் சபையில் பிரசங்கம் செய்பவராகவும் இருந்தார். 1919இல் குடும்பம் சன்ஃபிளவர் மாவட்டத்துக்குக் குடிபெயர்ந்தது.

வாரச் சாகுபடி என்பது அடிமைமுறை ஒழிக்கப்பட்ட பின் அதன் இடத்தில் வந்து அமர்ந்த ஏற்பாடு. நிலம் வெள்ளைப் பண்ணையாருடையது. விதை, உரம், உணவுப் பொருள் ஆகியவற்றைக் குடும்பம் பண்ணையாரிடம் கடனாகப் பெறும். அறுவடையில் பாதி பண்ணையாருக்கு. மீதிப் பாதியிலிருந்து கடன் கழிக்கப்படும். கணக்கேடு பண்ணையாரின் கையில் இருந்ததால் ஆண்டு முடிவில் குடும்பத்துக்கு எஞ்சியது பெரும்பாலும் அடுத்த ஆண்டின் கடன் மட்டுமே. நம் கிராமங்களின் பண்ணையாள் முறையை அறிந்தவர்களுக்கு இந்தக் கணக்கைத் தனியே விளக்க வேண்டியதில்லை.

ஃபேனி லூவுக்கு ஆறு வயதானபோது, பண்ணைக் கடையிலிருந்து தின்பண்டம் தருவதாக ஆசை காட்டிப் பண்ணையார் அவரைப் பருத்தி எடுக்க வைத்தார். அந்தத் தின்பண்டத்தின் கடனே தம் வாழ்நாள் வேலையாக மாறியது என்பதைப் பிற்காலத்தில் அவர் உணர்ந்தார். பதின்மூன்று வயதில் நாளொன்றுக்கு 200 பவுண்டுக்கு மேல் பருத்தி எடுத்தார். இளம்பிள்ளை வாதத்தால் ஒரு கால் பாதிக்கப்பட்டிருந்தது. வாழ்நாள் முழுவதும் விந்தியே நடந்தார். பருத்தி எடுப்பு முடிந்த பின் ஆண்டில் சில மாதங்களே கறுப்பினக் குழந்தைகளுக்குப் பள்ளி நடந்தது. ஆறாம் வகுப்போடு அவருடைய படிப்பு நின்றது.

ஒருமுறை குடும்பம் சற்றுத் தலைதூக்கியது. தந்தை கோவேறு கழுதைகளும் வண்டியும் ஏர்க்கருவிகளும் வாங்கினார். பொறாமை கொண்ட வெள்ளையர் ஒருவர் தீவனத்தில் நஞ்சு கலந்து கழுதைகளைக் கொன்றார். அந்த இழப்பிலிருந்து குடும்பம் மீளவே இல்லை. தாய் லூ எல்லா வயலில் பாடிக்கொண்டே வேலை செய்வார். பிள்ளைகளைக் காக்கும் பொருட்டு வயலுக்கு எடுத்துச் செல்லும் வாளியில் கைத்துப்பாக்கியும் வைத்திருப்பார். மகளுக்குக் கறுப்பு நிறப் பொம்மை ஒன்றை வாங்கித் தந்து, தன் நிறத்தை மதிக்கக் கற்றுக்கொடுத்தவர் அவரே. வேலையின்போது கண்ணில் பட்ட அடியால் பார்வையை இழந்தார். மருத்துவம் பார்க்க வசதி இல்லை. பிற்காலத்தில் மகளிடம் நாம் காணும் பாடலும் துணிவும் இந்தத் தாயிடமிருந்து வந்தவை.

1940களில் பெரி ஹேமரை மணந்து, ரூல்வில் ஊருக்கு அருகிலிருந்த மார்லோ பண்ணையில் குடியேறினார். எழுதப் படிக்கத் தெரிந்ததால் பண்ணையின் கணக்குப்பிள்ளை வேலை கிடைத்தது. தொழிலாளர் எடுத்த பருத்தியின் எடையைப் பதிவு செய்வது அவர் பொறுப்பு. பண்ணையாரின் எடைக்கல் பொய்யாக இருந்ததை அறிந்து, அவர் இல்லாத வேளைகளில் தாமே ஓர் எடைக்கல்லைக் கொண்டுவந்து வைத்து, தொழிலாளருக்கு உரிய எடையைப் பதிந்தார்.

1961இல் கருப்பைக் கட்டியை அகற்றும் அறுவைச் சிகிச்சைக்காக மருத்துவமனை சென்றார். அவருடைய ஒப்புதலின்றி, அவருக்குத் தெரிவிக்கவும் செய்யாமல், கருப்பையே அகற்றப்பட்டது. செய்தி பண்ணைவீட்டுப் பேச்சின் வழியாகத்தான் அவர் காதுக்கு எட்டியது. மிசிசிப்பியின் ஏழைக் கறுப்பினப் பெண்களுக்கு இது அன்று வழக்கமாகவே நடந்து வந்தது. வழக்குத் தொடுக்க வழியில்லை. ஹேமர் தம்பதியினர் இரு பெண் குழந்தைகளைத் தத்தெடுத்து வளர்த்தனர்.

ஒரு பிரசங்கமும் ஒரு பேருந்தும்

சன்ஃபிளவர் மாவட்டத்தில் கறுப்பின மக்களே பெரும்பான்மையினர். ஆயினும் அவர்களில் வாக்காளர் பட்டியலில் இடம்பெற்றவர்கள் மிகச் சிலரே. நிறப்பாகுபாட்டைக் காக்கும் வெள்ளைக் குடிமக்கள் மன்றம் 1954இல் முதன்முதலாக உருவானது இம்மாவட்டத் தலைநகரான இண்டியனோலாவில்தான். 1955இல் எம்மட் டில் என்ற பதினான்கு வயதுச் சிறுவன் அடித்துக் கொல்லப்பட்ட களஞ்சியமும் இம்மாவட்டத்திலேயே இருந்தது. குடியுரிமைச் சட்டங்களை நாடாளுமன்றத்தில் முடக்கி வைத்த செனட்டர் ஜேம்ஸ் ஈஸ்ட்லண்டின் பெரும் பண்ணையும் இங்கேதான்.

1962 ஆகஸ்டில் ரூல்வில்லின் வில்லியம் சேப்பல் தேவாலயத்தில் ஒரு கூட்டம் நடந்தது. மாணவர் அகிம்சை ஒருங்கிணைப்புக் குழுவைச் சேர்ந்த இளைஞர்கள் வந்திருந்தனர். போதகர் ஜேம்ஸ் பெவல், வானத்தின் மேகத்தைப் பார்த்து மழையை அறிகிறவர்கள் காலத்தின் அடையாளங்களை ஏன் அறியவில்லை என்று இயேசு கேட்ட பகுதியை எடுத்துப் பிரசங்கித்தார். அதன் பின் ஜேம்ஸ் ஃபோர்மன் வாக்குரிமையைப் பற்றிப் பேசினார். கறுப்பின மக்களுக்கு வாக்குரிமை உண்டு என்பதையே ஹேமர் அன்றுதான் முதன்முதலாக அறிந்தார். வயது நாற்பத்து நான்கு. பதிவு செய்ய யார் வருகிறீர்கள் என்று கேட்கப்பட்டபோது கையை உயர்த்தியவர்களுள் அவரும் ஒருவர்.

அவருடைய ஆன்மிகப் புத்துயிர்ப்பு இந்த இடத்தில் தொடங்குவதாக நாம் கருதுகிறோம். அவர் அன்று புதிதாக மனம்மாறியவரல்லர். சிறுமியாகவே திருமுழுக்குப் பெற்றவர், வேதாகமத்தை நன்கு அறிந்தவர். ஆயினும் ஞாயிறுதோறும் கேட்ட விடுதலையின் கதை, திங்களன்று செய்ய வேண்டிய ஒரு செயலோடு அன்று முதன்முறையாக இணைந்தது. அதற்குப் பின் அவர் அவ்விரண்டையும் பிரிக்கவே இல்லை.

ஆகஸ்ட் 31 அன்று பதினெட்டுப் பேர் ஒரு பழைய பேருந்தில் இண்டியனோலா சென்றனர். பதிவுப் படிவம் முதலில் கேட்டது எங்கே வேலை செய்கிறீர், எங்கே வசிக்கிறீர் என்பதை. விண்ணப்பித்தவரின் பெயர் செய்தித்தாளிலும் வெளியிடப்படும். பண்ணையாருக்கும் ஆயுதம் தாங்கிய கும்பலுக்கும் முகவரி கொடுக்கும் ஏற்பாடு அது. பின்னர் மாநில அரசியலமைப்பின் ஒரு பிரிவைப் படித்து விளக்க வேண்டும். விளக்கம் சரியா என்பதை வெள்ளை அலுவலரே முடிவு செய்வார். ஹேமர் தேர்ச்சி பெறவில்லை.

திரும்பும் வழியில் காவலர்கள் பேருந்தை நிறுத்தினர். பள்ளிப் பேருந்தின் மஞ்சள் நிறத்தில் இருக்கிறது என்பது குற்றச்சாட்டு. ஓட்டுநருக்கு 100 டாலர் அபராதம் என்றார்கள். பேச்சுக்குப் பின் அது 30 டாலராகக் குறைந்தது. பயணிகள் கையிலிருந்த சில்லறையைத் திரட்டிக் கட்டினர். அந்தக் காத்திருப்பில் அச்சம் பேருந்து முழுவதும் பரவியபோது, பின் இருக்கையிலிருந்து ஒரு குரல் பாடத் தொடங்கியது. ஞாயிறு பள்ளிக் குழந்தைகள் பாடும் சிறுவிளக்குப் பாடல் அது. பாடியவர் ஹேமர். அச்சம் அவரிடமும் இருந்தது. அதைத் தனியே சுமக்காமல் பதினெட்டுப் பேருக்கும் பங்கிடும் வழியைத் தாயிடமிருந்து அவர் கற்றிருந்தார்.

அன்று மாலையே பண்ணையார் வந்து, விண்ணப்பத்தைத் திரும்பப் பெறாவிட்டால் வெளியேற வேண்டும் என்றார். பதினெட்டு ஆண்டுகள் உழைத்த பண்ணையை விட்டு அன்றிரவே ஹேமர் வெளியேறினார். கணவர் அறுவடை முடியும்வரை அங்கேயே கட்டுண்டு இருக்க நேர்ந்தது. செப்டம்பர் 10 அன்று, அவர் அடைக்கலம் புகுந்திருந்த வீட்டின் மீது பதினாறு குண்டுகள் சுடப்பட்டன. அவ்வேளையில் அவர் அங்கே இல்லை. டிசம்பரில் மீண்டும் இண்டியனோலா சென்று தேர்வு எழுதினார். 1963 ஜனவரியில் தேர்ச்சி பெற்று வாக்காளராகப் பதிவானார்.

வினோனா சிறை

1963 ஜூன் 9 அன்று, குடியுரிமைப் பயிற்சி ஒன்றை முடித்துத் திரும்பிய குழு மிசிசிப்பியின் வினோனாவில் பேருந்து நின்றபோது கைது செய்யப்பட்டது. வெள்ளையருக்கென ஒதுக்கப்பட்ட உணவகத்தில் அவர்களுள் சிலர் நுழைந்ததே குற்றம். வினோனா, ஹேமர் பிறந்த மாண்ட்கோமரி மாவட்டத்தின் தலைநகர்.

சிறையில் ஒவ்வொருவராக அடிக்கப்பட்டனர். ஜூன் ஜான்சன் என்ற பதினைந்து வயதுச் சிறுமியும் தப்பவில்லை. அனெல் பாண்டர் என்ற இளம்பெண், காவலரை ஐயா என்று அழைக்க மறுத்ததற்காக அடிபட்டார். அடிப்பவர்கள் மீது இரக்கம் காட்டும்படி அவர் இறைவனை வேண்டிக்கொண்டிருந்தது ஹேமரின் அறைவரை கேட்டது. பின்னர் ஹேமரின் முறை. காவலர்களின் கட்டளைக்கு அஞ்சிய இரு கறுப்பினக் கைதிகள் கனத்த தோல் தடியால் அவரை அடித்தனர். ஒடுக்கப்பட்டவரைக் கொண்டே ஒடுக்கப்பட்டவரை அடிக்க வைப்பதை நம் சமூகமும் அறியும். சிறுநீரகம் நிரந்தரமாகப் பழுதுற்றது. ஒரு கண்ணின் பார்வை மங்கியது.

அந்த இரவுகளில் அவர்கள் பாடினார்கள். சிறையில் கட்டுண்ட பவுலும் சீலாவும் நள்ளிரவில் பாடியபோது கதவுகள் திறந்ததாக அப்போஸ்தலர் நடபடிகள் கூறும் கதையை அடியொற்றிய பாடலும் அவற்றுள் ஒன்று. வினோனாவில் கதவு திறக்கவில்லை. எனினும் பக்கத்து அறைகளில் கிடந்தவர்கள் தாம் தனித்து விடப்படவில்லை என்பதை அந்தக் குரல்களால் அறிந்துகொண்டனர்.

சிறைக் காவலரின் மனைவி தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். தாம் கிறிஸ்தவராக வாழ முயல்வதாகவும் சொன்னார். ஹேமர் அவருக்கு நன்றி கூறி, வேதாகமத்தில் சில வசனங்களைத் தேடிப் படிக்கும்படி சொன்னார். மனிதர் அனைவரையும் கடவுள் ஒரே இரத்தத்திலிருந்து உண்டாக்கினார் என்று பவுல் அத்தேனே நகரில் பேசிய பகுதி அவற்றுள் ஒன்று. அடிபட்டு வீங்கிய உடலோடு சிறையில் கிடந்த ஒரு பருத்திக் கூலி, தம்மைச் சிறைவைத்தவரின் வீட்டுக்கு வேதபாடம் சொல்லி அனுப்பினார். விவிலியத்தின் பொருளை முடிவு செய்யும் உரிமை வெள்ளைச் சபைகளுக்கே உரியது என்ற எண்ணத்தை அவர் எவ்வளவு இயல்பாகப் புறந்தள்ளினார் என்பதை இந்நிகழ்வு காட்டுகிறது.

ஜூன் 12 அன்று, ஆண்ட்ரூ யங்கும் ஜேம்ஸ் பெவலும் வந்து அவர்களை விடுவித்தனர். வெளியே வந்ததும் முதலில் கேட்ட செய்தி, போராட்டத் தலைவர் மெட்கர் எவர்ஸ் அன்று அதிகாலை ஜாக்சனில் தம் வீட்டு வாசலில் சுட்டுக் கொல்லப்பட்டார் என்பது. அடித்த காவலர்கள் மீதான வழக்கு டிசம்பரில் வெள்ளையர் மட்டுமே கொண்ட நடுவர் குழுவின் முன் வந்தது. அனைவரும் விடுவிக்கப்பட்டனர்.

அட்லாண்டிக் சிட்டியின் பேரம்

1964 ஏப்ரலில் மிசிசிப்பி சுதந்திர ஜனநாயகக் கட்சி தோன்றியது. மாநிலத்தின் அதிகாரப்பூர்வ ஜனநாயகக் கட்சி கறுப்பின மக்களைச் சேர்க்காததால், அனைவருக்கும் திறந்த இக்கட்சியே தேசிய மாநாட்டில் மிசிசிப்பியின் இடங்களைப் பெற வேண்டும் என்பது கோரிக்கை. அந்தக் கோடையில் ஜேம்ஸ் சேனி, ஆண்ட்ரூ குட்மன், மைக்கேல் ஷ்வெர்னர் ஆகிய மூன்று இளைஞர்கள் கொலை செய்யப்பட்டனர். பல தேவாலயங்கள் எரிக்கப்பட்டன. ரூல்வில்லின் வில்லியம் சேப்பல் மீதும் தீக்குண்டு வீசப்பட்டது.

ஆகஸ்ட் 22 அன்று அட்லாண்டிக் சிட்டியில், பிரதிநிதிகளின் தகுதியை ஆராயும் குழுவின் முன் ஹேமர் சாட்சியம் அளித்தார். பேருந்து, பண்ணை, வினோனா ஆகிய மூன்றையும் எந்த அலங்காரமுமின்றி எடுத்துரைத்தார். தொலைக்காட்சிக் கேமராக்களைத் திசைதிருப்பக் குடியரசுத் தலைவர் லிண்டன் ஜான்சன் அவசரச் செய்தியாளர் சந்திப்பைக் கூட்டினார். அதனால் பயன் விளையவில்லை. அன்றிரவு நாடு முழுவதும் அந்தச் சாட்சியம் ஒளிபரப்பானது.

பின்னர் பேரம் தொடங்கியது. அறுபத்தெட்டுப் பேர் கொண்ட குழுவுக்கு இரண்டு இடங்கள். அந்த இருவர் யார் என்பதையும் கட்சித் தலைமையே முடிவு செய்யும். துணைத் தலைவர் பதவியை எதிர்நோக்கியிருந்த ஹூபர்ட் ஹம்ஃப்ரி இணக்கம் தேடி வந்தார். மிசிசிப்பியின் கறுப்பின மக்களின் உயிரைவிட அவருக்குப் பதவி பெரிதா என்று கேட்ட ஹேமர், அவருக்காக ஜெபிப்பதாகவும் சொன்னார். அடுத்த பேச்சுவார்த்தைக்கு ஹேமர் அழைக்கப்படவில்லை. கிங், பேயார்ட் ரஸ்டின் போன்ற தலைவர்களும் ஏற்பதே அரசியல் அறிவு என்ற நிலைப்பாட்டில் இருந்தனர். குழு மறுத்தது. அத்தனை தொலைவு வந்தது இரண்டு இடங்களுக்காக அன்று என்பதில் ஹேமர் உறுதியாக நின்றார். கையில் ஒன்றும் இன்றி அவர்கள் ஊர் திரும்பினர்.

இயக்கத்தின் பல இளைஞர்களுக்கு அட்லாண்டிக் சிட்டி ஓர் முறிவாக அமைந்தது. கூட்டாளிகள் மீதும் அமைப்பின் மீதும் அவர்கள் கொண்டிருந்த நம்பிக்கை அங்கே உடைந்தது. ஹேமரும் கசப்படைந்தார், அதை அவர் மறைத்ததில்லை. ஆனால் அவருடைய எதிர்நோக்கு கட்சித் தலைமையின் நல்லெண்ணத்தை நம்பி எழுந்ததன்று. ஆகவே அத்தலைமை கைவிட்டபோது அது சரியவில்லை. அடுத்த ஆண்டு விக்டோரியா கிரே, அன்னி டிவைன் ஆகியோருடன் சேர்ந்து, மிசிசிப்பியின் நாடாளுமன்ற உறுப்பினர்களின் தேர்வு செல்லாது என்று முறையிட்டார். 1965 செப்டம்பரில் அம்முறையீடும் 228க்கு 143 என்ற வாக்குகளில் தள்ளுபடியானது.

இத்தோல்விகளின் ஊடே வேறொன்று நகர்ந்துகொண்டிருந்தது. 1965 ஆகஸ்டில் வாக்குரிமைச் சட்டம் நிறைவேறியது. அதற்கு முன் மிசிசிப்பியின் கறுப்பின மக்களில் சுமார் 7 விழுக்காட்டினரே வாக்காளர்களாகப் பதிவாகியிருந்தனர். 1967இல் அது சுமார் 60 விழுக்காடாக உயர்ந்தது. 1968 சிகாகோ மாநாட்டில் ஹேமர் மிசிசிப்பியின் அதிகாரப்பூர்வப் பிரதிநிதியாக இருக்கையில் அமர்ந்தபோது அரங்கம் எழுந்து நின்று கைதட்டியது. நான்கு ஆண்டுகளுக்கு முன் இரண்டு இடங்களை ஏற்றிருந்தால், அந்த எழுச்சிக்கு இடமிருந்திருக்குமா என்பதை நம் இயக்கங்கள் எண்ணிப் பார்க்க வேண்டும்.

ஜெபமும் நடையும்

ஹேமரின் இறையியல் எளிமையானது. எகிப்தின் அடிமைகளை விடுவித்த கடவுளும், ஒடுக்கப்பட்டவரை விடுவிக்க அனுப்பப்பட்டதாக நாசரேத்தின் தொழுகைக்கூடத்தில் அறிவித்த இயேசுவும் மிசிசிப்பியின் வயல்களிலும் இருக்கிறார்கள் என்பது அதன் அடிப்படை. ஜெபிப்பவர் ஜெபத்துக்குப் பின் எழுந்து நடக்கவில்லையென்றால் அந்த ஜெபத்தால் பயனில்லை என்று அவர் மேடைதோறும் வலியுறுத்தினார். தேவாலயத்தின் கதவை இயக்கத்துக்குத் திறக்க அஞ்சிய கறுப்பினப் போதகர்களை அவர்களுடைய பிரசங்க பீடத்தருகிலேயே கண்டித்தார். கிறிஸ்துவின் பெயரைச் சொல்லிக்கொண்டே நிறத்தின் பெயரால் கதவடைத்த வெள்ளைச் சபைகளின் பொய்மையையும் சுட்டிக்காட்டினார். அதே வேளையில், வெறுப்பு தம்மை அடித்தவர்களை அழித்ததுபோலத் தம்மையும் அழித்துவிடும் என்பதில் தெளிவாக இருந்தார். வெள்ளையரை வெளியேற்ற வேண்டும் என்ற குரல் 1966இல் மாணவர் குழுவுக்குள் எழுந்தபோது அவர் உடன்படவில்லை; அதனால் இளைஞர்கள் சிலர் அவரைக் காலாவதியானவராகக் கருதினர்.

மதம் ஏழையின் கையைக் கட்டிப்போடும் என்பது நம் இயக்கங்களில் அடிக்கடி எழும் விமர்சனம். வரலாற்றில் அதற்குப் போதிய சான்றுகள் உண்டு. பண்ணையார்களும் அடிமைகளுக்கு வேதாகமத்தைக் காட்டியே பணிவைப் போதித்தார்கள். ஆனால் அதே நூலை ஹேமர் தம் மக்களின் பக்கமிருந்து வாசித்தார். மறுமையில் கிடைக்கும் ஆறுதலைவிட இம்மையில் பதிவு அலுவலகத்தின் படியேறும் துணிவையே அதில் அவர் தேடினார்.

நிலம், பன்றிகள், இறுதி ஆண்டுகள்

1967இல் மூத்த மகள் டாரதி ஜீன் இறந்தார். ஊட்டமின்மையால் நலிந்திருந்த அவருக்கு உள்ளூரில் உரிய சிகிச்சை கிடைக்கவில்லை. டாரதியின் இரு சிறு பெண்களையும் ஹேமர் தம்பதியினரே வளர்த்தனர். வாக்குரிமை கிடைத்த பின்னும் பசி தீரவில்லை என்பதை ஹேமர் தம் வீட்டிலேயே கண்டார். பருத்தி எடுக்கும் இயந்திரங்களும் களைக்கொல்லிகளும் வந்ததால் கூலிவேலை அருகியது. வாக்களிக்கத் துணிந்தவர்களோ பண்ணையிலிருந்து விரட்டப்பட்டனர்.

1968இல் கறுப்பினப் பெண்களின் தேசிய மன்றம் தந்த பன்றிகளைக் கொண்டு பன்றி வங்கியைத் தொடங்கினார். ஒரு குடும்பம் சினைப்பன்றி ஒன்றைப் பெறும். ஈன்ற குட்டிகளில் சிலவற்றை வங்கிக்குத் திருப்பித் தரும். அவை அடுத்த குடும்பத்துக்குச் செல்லும். 1969இல் 40 ஏக்கரில் சுதந்திரப் பண்ணைக் கூட்டுறவு உருவானது. 1971இல் மேலும் 640 ஏக்கர் வாங்கப்பட்டது. உறுப்பினர் கட்டணம் மாதம் ஒரு டாலர்; அதையும் கட்ட இயலாதவர்களே மிகுதி. கீரையும் பயறும் சர்க்கரைவள்ளியும் விளைந்தன. வேலை செய்ய இயலாத குடும்பங்களுக்கும் பங்கு கிடைத்தது. சொந்த உணவை விளைவிப்பவரைப் பட்டினி போட்டுப் பணிய வைக்க முடியாது என்பது ஹேமரின் எண்ணம்.

பண்ணை நிலைக்கவில்லை. வெள்ளமும் வறட்சியும் விளைச்சலைக் கெடுத்தன. கடனும் வரியும் பெருகின. வெளியிலிருந்து வந்த நன்கொடை குறைந்தது. 1970களின் நடுவில் நிலம் கைவிட்டுப் போனது. 1971இல் மாநில மேலவைத் தேர்தலிலும் ஹேமர் தோற்றிருந்தார். உடலும் தளர்ந்தது. 1972இல் நரம்புத் தளர்ச்சியால் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். பின்னர் மார்பகப் புற்றுநோய் வந்தது. வாழ்நாளெல்லாம் பிறருக்காகப் பணம் திரட்டியவர் தம் சிகிச்சைக்குப் பணமின்றி வருந்தினார். ஒருகாலத்தில் ஆட்கள் நிறைந்திருந்த வீட்டுக்கு வருவோரும் குறைந்தனர். அந்தத் தனிமை அவரை வாட்டியது.

இப்பகுதியை மறைத்து எழுதும் வாழ்க்கைக் குறிப்புகள் அவருக்குப் பெருமை சேர்ப்பதாக நமக்குத் தோன்றவில்லை. எதிர்நோக்கு உள்ளவர் சோர்வடையமாட்டார் என்று கற்பிப்பது களத்தில் உழைத்துக் களைத்த பலருக்குக் குற்ற உணர்வைத்தான் தரும். ஹேமர் சோர்ந்தார், அழுதார், நோயுற்றார். அவரைத் தாங்கியவர்களில் பலர் இறுதியில் இல்லை. இயக்கத்தின் பொருட்டு உடலை இழந்தவரைப் பராமரிக்கும் கடமை அவருடைய தனிப்பட்ட விசுவாசத்தின் மீது சுமத்தப்படக் கூடாதது. அது கூட்டத்தின் கடமை. வினோனாவில் பக்கத்து அறைக் குரலே அவருக்குத் துணையாக இருந்தது. 1976இல் அந்தக் குரல்கள் குறைந்திருந்தன.

1977 மார்ச் 14 அன்று, விடுதலை பெற்ற அடிமைகள் நிறுவிய மவுண்ட் பாயூ ஊரின் மருத்துவமனையில் ஹேமர் காலமானார். வயது ஐம்பத்தொன்பது. ரூல்வில்லின் வில்லியம் சேப்பலில், அவர் முதன்முதலாகக் கையை உயர்த்திய அதே தேவாலயத்தில், இறுதி ஆராதனை நடந்தது. பதினான்கு ஆண்டுகளுக்கு முன் வினோனாவிலிருந்து அவரை மீட்க வந்த ஆண்ட்ரூ யங், அப்போது ஐக்கிய நாடுகள் அவையில் அமெரிக்காவின் தூதராக இருந்தார். அவரே இரங்கல் உரையாற்றினார். 2025 ஜனவரியில் நாட்டின் உயரிய குடிமகன் விருதான சுதந்திரப் பதக்கம் ஹேமரின் நினைவுக்கு வழங்கப்பட்டது.

பதக்கங்கள் காலம் கடந்தே வருகின்றன. அவற்றை நம்பி அவர் வாழவில்லை. ஆறு வயதில் பருத்திக் காட்டில் இறங்கியவர், தம் வாழ்நாளில் கண்ட வெற்றிகளைவிடத் தோல்விகளே எண்ணிக்கையில் மிகுதி. பதிவுத் தேர்வு, வினோனா வழக்கு, அட்லாண்டிக் சிட்டி, நாடாளுமன்ற முறையீடு, மேலவைத் தேர்தல், கூட்டுறவுப் பண்ணை என அப்பட்டியல் நீளும். ஒவ்வொன்றுக்கும் பின் அவர் செய்தது ஒன்றே. ஊர் திரும்பினார், மக்களைக் கூட்டினார், பாடினார், மறுநாளின் வேலையைத் தொடங்கினார். இன்று களைத்து அமர்ந்திருக்கும் தோழர்களுக்கு நாம் முதலில் செய்ய வேண்டியது உபதேசம் அன்று. அவர்கள் வீட்டுக்குச் சென்று கதவைத் தட்டுவதே.